முதலாளி ஊருக்குப் போனா உனக்குக் காய்ச்சல் வரணும்

ஏலே பேராண்டி, மேனேஜர் வேலை கெடச்சிருச்சுன்னு குதிக்கியே, இங்க வந்து உக்காரு. 'எ பிட்டர்ஸ்வீட் லைஃப்'னு ஒரு கொரியாப் படம், 2005-ல வந்தது. வேலைக்குச் சேருததுக்கு முந்தி அதைப் பாத்துட்டுப் போ. கிழவனுக்குக் கொரியாக்காரன் பேசுறது என்ன புரியும்னு சிரிக்காத. பெரிய மனுசன் ஒருத்தன், அவன்கிட்ட ஒரு விசுவாசி. இதுக்குப் பாஷை எதுக்குலே?

விசுவாசி பேரு சுன்-வூ. லீ பியுங்-ஹன் நடிச்சிருக்கான். ரவுடி முதலாளி ஒருத்தனோட ஹோட்டலை இவன்தான் கவனிக்கான். மொதக் காட்சியில மேல்மாடியில உக்காந்து கேக்கு தின்னுக்கிட்டிருக்கான். கீழ எதிர்க்கோஷ்டி ஆளுவ எந்திரிச்சுப் போவ மாட்டேங்கானுவன்னு சேதி வருது. இன்னொரு வாய் தின்னுட்டுத்தான் எறங்கிப் போறான், போயி வெளுக்கான். போட்டிருக்க கோட்டு கசங்கல. அடி வாங்குனவனுக்கு அடியவிட அதுதான் வலிச்சிருக்கும்.

முதலாளி காங், மூணு நாளு ஷாங்காய்க்குக் கெளம்புதான். போறப்ப காதைக் கடிக்கான்: "நான் ஒரு சின்னப் புள்ளயோட பழகுதேன். அது வேற எவங்கூடயோ சுத்துதோன்னு சந்தேகம். கண்காணி. நெசம்னா எனக்குப் போன் போடு, இல்ல நீயே முடிச்சிரு." இந்த எடத்துலதாம்லே உனக்குக் காய்ச்சல் வரணும். காய்ச்சல் வரலியா, பாட்டி செத்துட்டான்னு சொல்லு. உன் பாட்டி கோவிச்சுக்க மாட்டா, நான் பேசிக்கிடுதேன்.

சுன்-வூவுக்கு ஒண்ணும் வரல. போனான். செல்லோ வாசிக்க அந்தப் புள்ளயப் பாத்தான். ரெண்டு பேரையும் கையும் களவுமாப் புடிச்சும் விட்டுட்டான். புண்ணியம். ஆனா அதை முதலாளிட்டச் சொன்னானா? மூச்சு விடல.

இந்தப் பக்கம், அடி வாங்குன கோஷ்டித் தலைவன் பேக் ஆளனுப்புதான். தப்புதான்னு ஒத்த வார்த்தை சொல்லு, ஆட்டத்தை முடிச்சுக்கிடுவோம்னு. துரை சொல்ல மாட்டாராம். அப்புறமென்ன, கட்டித் தொங்கவிட்டானுவ, முதலாளியும் கைய விட்டான், மழையில உசுரோட பொதைச்சானுவ. பய மண்ணை முட்டிக்கிட்டு வெளிய வாறான்! அம்புட்டு மண்ணைத் தூக்குனவனுக்கு அந்த ஒத்த வார்த்தையத் தூக்க முடியல பாத்துக்க.

பழி வாங்கத் துப்பாக்கி வேணும். அந்த ஊருல அது லேசுல கெடைக்காது. வேட்டைத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வச்சிருக்கவங்கூடப் போலீஸ் ஸ்டேசன்ல ஒப்படைச்சு வச்சு, வேணும்கப்பதான் வாங்கிட்டுப் போவணும். அதான் அவனுவ ரவுடிப் படமெல்லாம் கத்தியும் கட்டையுமாவே ஓடுது. கள்ளத் துப்பாக்கி விக்கவனும் இவனும் மேசைக்கு எதிரெதிரா உக்காந்து, பிரிச்சுப் போட்ட துப்பாக்கியப் போட்டி போட்டு மாட்டுதானுவ. மொதல்ல மாட்டுனவன் பொழைச்சான். மூச்சடைக்கும், கொஞ்சம் சிரிப்பும் வரும். இயக்குநர் கிம் ஜீ-வூன் குசும்பு புடிச்ச ஆளு.

கடைசியில முதலாளி முன்னால நின்னு கேக்கான்: ஏழு வருசம் நாயா ஒழைச்சனே, எனக்கு ஏன் இதைச் செஞ்சன்னு. முதலாளி, நீ என்னைய அவமானப்படுத்திட்டங்கான். ரெண்டு தடிப்பயலுவளுக்கும் அந்தப் புள்ள மேல ஒரு இது. அதைச் சொல்ல வெக்கம். சுடுறதுக்கு மட்டும் வெக்கமில்ல. ரெண்டு பேரும் மிஞ்சல போ.

இதுல சுன்-வூவா நடிச்ச பய இப்ப எங்க இருக்கான் தெரியுமா? நீ ராத்திரியெல்லாம் முழிச்சுப் பாத்தியே ஸ்க்விட் கேமு, அதுல கறுப்பு முகமூடி போட்டுக்கிட்டு எல்லாத்துக்கும் மேல நிக்கானே, அவந்தான். இப்ப வேலை வாங்குத எடத்துக்குப் போயிட்டான், மூஞ்சியவும் மூடிக்கிட்டான். தேறிட்டாம்லே.