சிரிப்புக்கு 52 இழுப்பு

ஏலே பேராண்டி, கம்ப்யூட்டர்ல மூஞ்சி செஞ்சு அதைச் சிரிக்க வைக்கப் படிக்கியாமே? நல்லாப் படி. பெத்தவ மூஞ்சிய நிமிந்து பாத்து எத்தனை நாளாச்சுன்னு நான் கேக்க மாட்டேன்.

இது நேத்து மொளைச்ச வித்தைன்னு நெனச்சியோ? அமெரிக்காவுல யூட்டா பல்கலைக்கழகத்துல ஃபிரெட் பார்க்னு ஒருத்தர் 1972லயே ஆரம்பிச்சாச்சு. ஒரு ஆள் மூஞ்சியில கட்டம் கட்டமா கோடு வரைஞ்சு, போட்டோ புடிச்சு, ஒவ்வொரு புள்ளியும் எங்க நிக்குன்னு கணக்கெடுத்தாரு. மூஞ்சியக் குடுத்துட்டு உக்காந்திருந்த ஆளை நெனச்சாத்தான் எனக்குச் சிரிப்பு வருது.

பெறவு என்ன? சும்மா இருக்க மூஞ்சி ஒண்ணு, சிரிக்க மூஞ்சி ஒண்ணு. இதுலேருந்து அதுக்குப் புள்ளிய நகத்துனா காச்சிரிப்பு, அரைச்சிரிப்பு எல்லாம் வரும். பிளெண்ட்ஷேப்பாம். ஆப்பிள் கம்பெனிக்காரன் 52 வச்சிருக்கான். தாடை தொறக்க ஒண்ணு, இடது புருவம் எறங்க ஒண்ணு, கன்னம் உப்ப ஒண்ணு. சீர் பத்தலன்னு உங்க அத்தை மூஞ்சியத் தூக்கி வப்பாளே, அதுக்கு எதைலே இழுப்பே?

அத்தைய விடு. ஒரு கண்ணை மூட வை பாப்போம். மேல் இமைப் புள்ளி கீழ வரணும். கணக்கு நேர்கோட்டுலதான் போவும். முழியோ உருண்டை. பாதி வழியில இமை முழிக்குள்ள பூந்துரும், வெள்ளை முழி தோலைத் தாண்டி வெளிய எட்டிப் பாக்கும்! அப்புறம் நடுவழிக்குன்னே தனியா ஒரு மூஞ்சி செதுக்கி, இமைய முழிமேல வளைச்சு எறக்கணும். தொட்டில்ல கெடக்க பிள்ளை படிக்காமப் பண்ணுத காரியத்துக்கு இம்புட்டுப் பாடு.

சிரிப்புலயும் அதே கூத்துதான். பிரான்சுல துஷேன்னு ஒரு டாக்டரு, மூஞ்சித் தசைக்குக் கரண்டு குடுத்துப் பாத்து, கண்ணைச் சுத்துன தசை சுருங்காம உதடு மட்டும் இழுத்தா அது பொய்ச் சிரிப்புன்னு 1862ல எழுதி வச்சாரு. கல்யாண வாசல்ல பன்னீர் தெளிக்கவளைக் கேட்டிருந்தா, எந்தச் சம்பந்தி மனசாரச் சிரிக்காருன்னு கரண்டு இல்லாமலே சொல்லிருப்பா. 1978ல எக்மன், ஃபிரீசன்னு ரெண்டு பேரு மூஞ்சி அசைவுக்கெல்லாம் நம்பரும் போட்டுட்டாங்க. உதட்டோரம் ஏறினா 12, அந்தக் கண்ணைச் சுத்துன தசை சுருங்கிக் கன்னம் ஏறினா 6. நீ 6ஐ மறந்துட்டு 12ஐ மட்டும் இழுத்துப் பாரு, கைமாத்து கேக்க வந்தவன் மாதிரியே இளிக்கும்.

இந்த வேலையில பழுத்தவன் மேசையில என்ன இருக்கும் தெரியுமா? முகம் பாக்க கண்ணாடி. வசனத்தைத் தானே பேசி, வாய் எப்படிப் போவுதுன்னு பாத்துப் பாத்துச் செய்வான். நாளைக்குச் சந்தைக்குப் போனா நீயும் ஒண்ணு வாங்கிக்கோ. அப்படியே உங்க ஆச்சிக்கு வெத்தலையும்.