சுவற்றில் முட்டிக்கொண்ட கதை

கட்சிக்காரர்களும் காதணி விழாக்காரர்களும் போட்டி போட்டு ஒட்டிய சுவரொட்டிகளை மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சுரண்டியதில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதனால்தான் சுற்றுச்சுவரில் ஓர் எச்சரிக்கை எழுத ஆள் பிடித்தேன். 'சுவரில் விளம்பரம் செய்யாதீர்' என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காபி குடிக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால் 'சுவற்றில்' என்று நீல பெயின்ட்டில் முழ உயரத்துக்கு நிற்கிறது.

"தம்பி, கிணறுன்னா கிணற்றில். சோறுன்னா சோற்றில். இது சுவர். இதுல 'று' எங்கேப்பா இருக்கு? சுவரில்னுதான் வரும்" என்று ஆரம்பித்தேன். பெயின்டர் பிரஷ்ஷை டப்பாவில் நிறுத்திவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்.

"சார், திண்டுக்கல் பூராவும் நான் இப்படித்தான் எழுதியிருக்கேன். யாரும் ஒண்ணும் சொல்லல. அழிச்சு எழுதணும்னா அதுக்குத் தனி. எழுதுன எழுத்துக்கு ஏற்கெனவே காசு ஏறிப்போச்சு."

எழுத்துக்கு இவ்வளவு என்று பேசியிருந்தோம். ஆகவே தப்பான எழுத்துக்கும் கொடுத்து, அதை அழிக்கவும் கொடுத்து, சரியான எழுத்துக்கும் கொடுத்தேன். தமிழுக்காக இவ்வளவு செலவழித்தவன் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான். மறுநாள் விடிந்தபோது அந்தச் 'சுவரில்' மேலேயே ஒரு பிறந்தநாள் சுவரொட்டி. அதில் 'வாழ்த்துக்கள்'. 'வாழ்த்துகள்' என்று இருந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

இது ஒரு வியாதி. பஸ்ஸில் "நடுசென்டர்ல நிக்காதீங்க, உள்ள போங்க" என்று கண்டக்டர் சொன்னால், எல்லாரும் உள்ளே போவார்கள். நான் மட்டும் நடுவிலா சென்டரிலா எங்கே நிற்கிறேன் என்று யோசித்துக்கொண்டு அங்கேயே நிற்பேன். எலக்ட்ரீஷியன் போனில் "இந்தா வந்துட்டேன் சார்" என்பார். அவருக்குப் பின்னால் "நிலக்கோட்டையெல்லாம் எறங்கு" என்று ஒரு குரல் கேட்கும். கிளம்பாதவன் 'கிளம்பிட்டேன்' என்பதும் வராதவன் 'வந்துட்டேன்' என்பதும் பொய்யில்லை, அது எங்கள் பக்கத்து எதிர்காலம் என்று மனைவி சொல்கிறாள். இலக்கணத்தில் அப்படி ஒரு காலம் இல்லை என்று சொல்லிக்கொண்டே மூன்று மணிநேரம் மின்விசிறி இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

வங்கியில் நடந்ததுதான் பெரிய அவமானம். செலானில் 300 ரூபாயை எழுத்தால் நிரப்பும் இடத்தில் 'முந்நூறு' என்று எழுதினேன். கவுன்டரில் இருந்த பெண் அதைத் திருப்பித் தள்ளி, "ஸ்பெல்லிங் தப்பா இருக்கு சார், திருத்திட்டு சைன் போடுங்க" என்றாள். விடுவேனா? "முன்னூறுன்னா முன்னால இருக்கற நூறும்மா. மூணு நூறுன்னா முந்நூறுதான். அதாவது வந்து..." எனக்குப் பின்னால் வரிசை வாசல் வரை நீண்டுவிட்டது. ஒருவர் தோளைத் தொட்டு, "பெரியவரே, அது கேக்கறத எழுதிக் குடுங்க. பணம் உங்களுதுதானே?" என்றார். 'முன்னூறு' என்று திருத்தி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன். சரியானதைத் தப்பாக்கி, நானே சான்று கொடுத்த தாள் அங்கே ஒரு கட்டில் பத்திரமாக இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் புத்தி வரவில்லை. தை மாதம் சிறுமலைக்குக் கிளம்பினோம். வாசலில் இறங்கிய மனைவி கேட்டாள்: "என்னங்க, கேட்டுக் கதவை லாக் பண்ணிப் பூட்டிட்டீங்களா?"

கேட்டும் கதவும் ஒன்று. லாக்கும் பூட்டும் ஒன்று. ஒரே மூச்சில் இரண்டு. நான் கையிலிருந்த சாவியை ஆட்டி ஆட்டி ஆரம்பித்தேன். எந்த ஊரில் நின்றுகொண்டு லாக் என்கிறாய்? அலிகார் பூட்டு மலிவாக வந்து இறங்கித் தொழிலே மெலிந்துபோன பிறகும், இன்றும் ஆள் உட்கார்ந்து அரத்தால் ராவி மாங்காய்ப் பூட்டு செய்கிற ஊர் இது. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். அரசாங்கமே பூட்டு என்று ஒப்புக்கொண்ட பிறகு நம் வீட்டில் மட்டும் என்ன லாக்? அதாவது...

"அப்பா," என்றாள் மகள், போனிலிருந்து தலை நிமிராமல், "கையில என்ன வச்சிருக்கீங்க?"

"சாவி."

"அது போர்ச்சுகீஸ் வார்த்தை. தமிழ்ல திறவுகோல்."

நான் ஜன்னலைப் பார்த்தேன். "அதுவும்தான்," என்றாள். "உள்ள இருக்கற அலமாரியும் அங்கேயிருந்து வந்ததுதான். அவங்க கொண்டுவந்து போட்டப்ப உங்கள மாதிரி ஒருத்தர் வாசல்ல நின்னு கத்தியிருப்பாரு." அதோடு விட்டாளா? "1957ல நாகசாமி நாயுடு பிரியாணிக் கடை போட்டாரு. தலைப்பாகை கட்டியிருந்தாருன்னு ஊரே தலப்பாக்கட்டின்னு சொல்லுச்சு. நீங்க அன்னைக்கு இருந்திருந்தா, 'தலைப்பாகைக் கட்டு'ன்னு போர்டைத் திருத்தச் சொல்லியே கடையை மூட வச்சிருப்பீங்க."

பதில் இருந்தது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகள். பதினெட்டிலும் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. மலைவாழை ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு சாயங்காலம் திரும்பினோம். கேட்டில் பூட்டு வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது. சாவி என் சட்டைப் பையில். பூட்டைப் பற்றி அவ்வளவு பேசியவன், அதைப் பூட்டவில்லை.

நல்லவேளை, எதுவும் போகவில்லை. திருடனுக்கும் எங்கள் வீட்டுக்குள் வந்தால் என்ன கேட்க நேரும் என்று தெரிந்திருக்கலாம். மனைவி மூன்றே வார்த்தை சொன்னாள்: "நீங்க லாக் பண்ணல." இந்த முறை நான் திருத்தவில்லை.

அன்று ராத்திரி சாப்பிடும்போது மகள் ஒரு கணக்கு வாசித்தாள். ஊரார் வாயிலிருந்து வரும் ஆக்சுவலாவையும் பேசிக்கலாவையும் நான் குறை சொல்லிக்கொண்டிருந்த அரைமணி நேரத்தில், நான் 'அதாவது' சொன்னது 26 தடவை, 'வந்து' 19. 'அதாவது வந்து' என்று சேர்த்துச் சொன்னதை ஒன்றாகத்தான் எண்ணினாளாம், தகப்பன் என்பதால். எங்கள் வீட்டில் எல்லாரையும் எரிச்சல்படுத்தும் சொல் எது என்று வெளியே தேடவே வேண்டியிருக்கவில்லை.

இப்போது சாப்பாட்டு மேசை மேல் ஒரு தகர உண்டியல் இருக்கிறது. ஒரு 'அதாவது'வுக்கு ஐந்து ரூபாய். அடுத்தவர் பேச்சைத் திருத்தினால் பத்து. அதற்குப் பூட்டு மட்டும் நான் வாங்கி வந்தது: சின்னது, உள்ளூர்ச் சரக்கு, சொடுக்கென்று விழும். மூன்று வாரத்தில் 640 ரூபாய் சேர்ந்திருக்கிறது. சாவி மகளிடம்.