பார்வையாளனின் சுதந்திரம்

நடிப்பவர்கள் வெளிச்சத்தில் நடிக்க வேண்டும், பார்ப்பவர்கள் இருட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், பிடிக்காத இடத்தில் கொட்டாவி விடும் சுதந்திரமும் அவர்களுக்கு உண்டு என்ற பழைய சம்பிரதாயத்தில் வளர்ந்தவன் நான். ஆகையால், லண்டனில் வசிக்கும் என் தங்கை மகன், “மாமா, இது சும்மா பார்க்கிற நாடகம் இல்லை, நாமும் அதற்குள்ளேயே இருப்போம்” என்று உற்சாகமாக அறிவித்தபோது, எனக்கு விசாரந்தான் உண்டாயிற்று.

அவன் அழைத்துப்போனது சாரிங் கிராஸ் ரயில் நிலையத்தை ஒட்டி நிற்கும் ப்ளேஹவுஸ் தியேட்டருக்கு. 1882-இல் இதை நிர்மாணித்த செஃப்டன் பாரி என்ற கனவான், என்றைக்காவது ரயில்வேக்காரர்கள் நிலையத்தை விஸ்தரிக்க முற்படும்போது இந்த மனையை நல்ல விலைக்கு வாங்கிக்கொள்வார்கள் என்ற தீர்க்கதரிசனத்தோடுதான் கட்டினார் என்று சொல்லுவார்கள். ரயில்வேக்காரர்கள் வாங்கவில்லை, ஆனால் 1905 டிசம்பரில், புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்த தியேட்டரின் மேல் நிலையத்தின் சுவரே சரிந்து விழுந்தது. ஆறு உயிர்களைக் கொண்டுபோன அந்த விபத்தில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை என்றாலும், ரயில் நிலையம் தம் மனைக்கு இந்த ரூபத்தில் வந்து சேரும் என்று பாரி கனவிலும் நினைத்திருக்க மாட்டார். பெர்னார்ட் ஷாவின் ‘ஆர்ம்ஸ் அண்ட் தி மேன்’ 1894-இல் அரங்கேறியதும், பிற்காலத்தில் பி.பி.சி. வானொலி இங்கே ஒலிப்பதிவு செய்துவந்த நாட்களில் பீட்டில்ஸ் வந்து பாடியதும் இதே இடத்தில்தான். இத்தனை கியாதி பெற்ற கட்டடத்தின் முகப்பு வாசலில் கம்பீரமாகப் பிரவேசிக்கலாம் என்று நான் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டால், எங்களைப் பக்கத்துக் கதவு வழியாகக் கள்ளச்சாராயக் கடைக்குப் போகிறவர்களைப் போல உள்ளே விட்டார்கள்.

அதுவும் நாடகத்தில் ஓர் அங்கமாம். ‘காபரே’ என்ற சங்கீத நாடகத்துக்காக 2021-இல் தியேட்டர் முழுவதையும் நாஜிகளுக்குச் சற்று முந்திய காலத்து பெர்லின் கேளிக்கை விடுதியாக, கதையில் வரும் ‘கிட் கேட் கிளப்’பாகவே மாற்றிவிட்டிருந்தார்கள். நுழைந்தவுடன் கைபேசியின் காமிராவை மறைத்து ஒரு வில்லை ஒட்டினார்கள்; சிறிய குப்பியில் ஷ்னாப்ஸ் மதுவை நீட்டினார்கள். பரம்பரையாக ஃபில்டர் காப்பிக்கு மேல் போகாத நான், அதைத் தங்கை மகனிடம் தள்ளிவிட்டு, வளைந்து வளைந்து சென்ற நடையில் அவன் முதுகுக்குப் பின்னால் பத்திரமாக நடந்தேன். இருபுறமும் ஆடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள். அரையுடையும் முழு ஒப்பனையுமாக இருந்த ஓர் ஆடவன், ஆடிக்கொண்டே வந்து என் கண்களை உற்றுப் பார்த்தான். எங்கள் ஊர்ச் சபாவில் இப்படி யாராவது உற்றுப் பார்த்தால், நிச்சயமாக நன்கொடை ரசீதுப் புத்தகம் பின்தொடரும். இங்கே அப்படி ஒன்றும் வராததால் என் கலவரம் அதிகரித்தது.

உள்ளே மேடை நட்டநடுவில். சுற்றிலும் விளக்கு வைத்த சிறு மேஜைகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிர்ப்பக்கத்துப் பார்வையாளர்கள் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தபடியால், கொட்டாவிக்கு மார்க்கமே இல்லை.

அதற்கு அவசியமும் நேரவில்லை. கிறிஸ்டோபர் இஷர்வுட் 1939-இல் வெளியிட்ட பெர்லின் கதைகளிலிருந்து 1951-இல் ஒரு நாடகமும், அதிலிருந்து 1966-இல் இந்தச் சங்கீத நாடகமும் பிறந்தன. அந்த முதல் நாடகத்தின் பெயர் ‘நான் ஒரு காமிரா’ என்பது ஞாபகம் வந்ததும், வில்லை ஒட்டிய என் கைபேசியை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொண்டேன். விடுதியின் கட்டியங்காரன் முதலில் நம்மைச் சிரிக்க வைக்கிறான். அவன் பாட்டுக்கு நாமும் தாளம் போடுகிறோம். வெளியே நாஜிகள் பலத்து வருகிறார்கள். பாடகி சாலி பௌல்ஸோ அரசியலுக்கும் தனக்கும் என்ன சம்பந்தம் என்கிறாள். பிற்பாடு அதே கட்டியங்காரன் ஒரு மனிதக் குரங்கோடு ஆடிப் பாடி, கடைசி அடியில் யூதர்களின் மேல் விஷத்தைக் கக்கும்போது, சிரிப்பைப் பாதியில் விழுங்க வேண்டியிருக்கிறது. விளக்கு மேஜைக்கு அப்பால் எதிர்வரிசைக்காரர்களும் விழுங்குவது தெரிகிறது. இருட்டில் ஒளிந்துகொள்ள யாருக்கும் இடமில்லை. வெறும் அலங்காரம் என்று நான் சந்தேகித்த ஏற்பாடெல்லாம் இதற்காகத்தான் என்றால், அந்தச் சிரமம் தகும்.

ஆயினும் கூச்ச சுபாவமுள்ள அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: இத்தகைய நாடகங்களுக்கு மாடியில் டிக்கெட் வாங்குங்கள், பாட்டு அங்கேயும் நன்றாகக் கேட்கும்.