உள்ளே என்ன இன்ஜின்?

பொள்ளாச்சிப் பக்கம் பழைய வண்டி வாங்க வருகிறவர்கள் ஒரு காலத்தில் விலைக்கு முன்னால் கேட்ட கேள்வி, "உள்ள என்ன இன்ஜினுங்க?" கேட்காமல் இருக்க முடியாது. ஏனென்றால் கன்சல்டிங் என்ற பழைய கார் கடைகளில் வரிசையாக நின்றவை பெரும்பாலும் அம்பாசடர்கள். மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 1950களின் கடைசியில் தொடங்கி 2014 மே மாதம் உற்பத்தி நிற்கும்வரை அந்த வண்டியின் கூடு பெரிதாக மாறவில்லை. உள்ளே இருப்பதுதான் மாறிக்கொண்டே வந்தது. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் பல வருடம் ஓடியது. 1980 வாக்கில் அதே 1489 சிசியில் டீசல் வந்தது. தொண்ணூறுகளில் ஜப்பானின் இசுசூ நிறுவனத்து 1817 சிசி பெட்ரோல் இன்ஜினும் ஐந்து கியரும் வந்தன. பிறகு அதே இசுசூவின் 1995 சிசி டீசல். இது போதாதென்று, கம்பெனி இன்ஜினை இறக்கிவிட்டு மெட்டடோர் வேன் இன்ஜினை ஏற்றிய வண்டிகளும் நம் ஊர்களில் ஓடின. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளை அம்பாசடர்.

என் பெரியப்பா உடுமலை ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். பள்ளி விடுமுறையில் எனக்கு அங்கேதான் பொழுது போகும். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது, டீ வாங்கி வருவது, இடையில் அவர் சொல்வதைக் கேட்பது. வண்டி பார்க்க யாராவது கூட்டிப் போனால் அவர் முதலில் பானெட்டைத் திறக்க மாட்டார். ஓரமாக நின்று ஸ்டார்ட் பண்ணச் சொல்வார். சாவியைத் திருப்பி ஹீட்டருக்காகக் கொஞ்சம் காத்திருந்தால் டீசல் என்று தெரிந்துவிடும். ஸ்டீயரிங்கில் கை கியரா, தரையில் ஐந்து கியரா என்று எட்டிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் பானெட். பழைய பெட்ரோல் இன்ஜின் புஷ் ராடு வைத்தது, கேம் ஷாஃப்ட் கீழே பிளாக்கில் இருக்கும். இசுசூவில் கேம் தலைக்கு மேலே ஏறிவிட்டது. இசுசூ டீசலில் அதைச் சுற்றுவது ரப்பர் டைமிங் பெல்ட். முன்பக்கம் நீளமாகத் தெரியும் பெல்ட் கவரைத் தட்டிக் காட்டி அவர் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது: "செயின் தளர்ந்தா சத்தம் போட்டுச் சொல்லிரும் கண்ணு. பெல்ட்டு சொல்லாமக் கொள்ளாமப் போயிரும். அதனாலதான் எந்த இன்ஜின்னு மொதல்ல தெரிஞ்சுக்கோணும்." பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து வால்வில் இடிக்கும், தலையைக் கழற்ற வேண்டிவரும். வாங்குகிறவரின் ஒரு வருடச் சேமிப்பு அந்த ரப்பர் பட்டையில் இருந்தது.

சத்தமும் கண்ணும் சொன்னதை அவர் அப்படியே நம்பிவிட மாட்டார். கடைசிச் சாட்சி நம்பர்தான். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பிளாக்கின் பக்கவாட்டைத் துடைப்பார். எண்ணெயும் மண்ணும் சேர்ந்து கெட்டியாகியிருக்கும் இடத்தில் கம்பி பிரஷ் போடுவார். உலோகம் தெரிந்ததும் மெல்லிய தாளை அதன் மேல் வைத்து, இடது கட்டை விரலால் நகராமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பென்சிலைப் படுக்க வைத்து லேசாகத் தேய்ப்பார். தாள் கறுத்துக்கொண்டே வர, பள்ளமாக வெட்டிய எழுத்துகள் மட்டும் வெள்ளையாக ஒவ்வொன்றாக எழும்பும். பேர் மாற்றுவதற்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் சேஸிஸ் நம்பருக்குப் பென்சில் பிரிண்ட் கேட்பார்கள். பெரியப்பா இன்ஜின் நம்பருக்கும் ஒன்று எடுத்து வைத்துக்கொள்வார்.

அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது தனி வேலை. எழுத்தெல்லாம் ஒரே கோட்டில் நிற்கிறதா, ஆழம் ஒன்றுபோல இருக்கிறதா, சுற்றிலும் அரம் போட்ட கோடு தெரிகிறதா என்று நிதானமாகப் பார்ப்பார். பிறகு நான் ஆர்.சி. புக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க வேண்டும், அவர் தாளில் விரல் வைத்துச் சரிபார்ப்பார். ஒரு எழுத்து இடித்தாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். "பேப்பர சரி பண்ணிட்டு வாங்க தம்பி, வண்டி எங்கயும் போயிராது" என்று புரோக்கரிடம் சொல்லிவிட்டு நடப்பார்.

இன்று என் தங்கை மகன் வண்டி பார்க்கும் விதம் வேறு. போன மாதம் ஒரு ஸ்விஃப்ட் பார்க்கப் போகலாம் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனான். கேட்டுக்குள் நுழைவதற்குள் எம்பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைத் தட்டி, முதல் பதிவு எப்போது, எரிபொருள் என்ன, இன்ஷூரன்ஸ் எதுவரை என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டான். பெரியப்பா காலத்தில் இதற்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் காத்துக் கிடந்தார்கள். கடன் பாக்கி உள்ள வண்டியை வாங்கிவிட்டு அழுத குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்கள் கையில் இது இருந்திருந்தால் எவ்வளவோ பேர் தப்பித்திருப்பார்கள்.

ஸ்விஃப்டுக்குள்ளும் அம்பாசடரைப் போல ஒரு வரலாறு இருக்கிறது. 2005ல் வந்தபோது அதில் இருந்தது 1298 சிசி ஜி13பிபி பெட்ரோல் இன்ஜின். 2006 மத்திய பட்ஜெட், நாலு மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜினும் உள்ள காருக்குக் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தது. அந்த வரம்பை ஒட்டியே இங்கே பல கம்பெனிகளின் இன்ஜின்கள் அமைந்தன. 2010 ஏப்ரல் 1 முதல் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் பாரத் ஸ்டேஜ் 4 புகை விதி வந்தது. அந்த வருடமே ஸ்விஃப்டில் 1197 சிசி கே12எம் இன்ஜின் ஏறியது. பழையதில் டைமிங் பெல்ட், புதியதில் செயின். இரண்டின் சக்தியும் ஏறக்குறைய ஒன்றுதான், ஓட்டிப் பார்த்து எளிதில் பிரித்துச் சொல்ல முடியாது.

நாங்கள் பார்த்த வண்டியை, "2010 மாடல், கே சீரிஸ் சார்" என்றார் விற்பவர். செயலியோ 1298 என்று காட்டியது. "மாமா, இப்ப எதை நம்பறது?" என்றான் தங்கை மகன். பானெட்டைத் திறக்கச் சொன்னேன். கியர்பாக்ஸ் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் பிளாக்கைத் துணியால் துடைத்து, அவன் போன் டார்ச்சைப் பிடித்தேன். ஜி, 13, பி, பி. அதற்குப் பின்னால் வந்த எண்களை அவன் ஆர்.சி. கார்டிலிருந்து படித்தான், எல்லாம் ஒத்துப்போயின. வண்டி சுத்தம், ஆனால் பழைய இன்ஜின். பெல்ட் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேட்டோம், இல்லை. பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கூலி எல்லாம் கணக்குப் போட்டு விலையில் குறைத்தோம். இப்போது அந்த ஸ்விஃப்ட் அவனிடம்தான் ஓடுகிறது.

சிசி மட்டும் தெரிந்தால் எல்லா வண்டிக்கும் போதாது. ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் டீசலை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்விஃப்ட், டாடா விஸ்டா, புன்ட்டோ என்று எத்தனையோ வண்டிகளில் அதே 1248 சிசி. ஆனால் ஒன்று 75 குதிரைத்திறன், சாதாரண டர்போ. இன்னொன்று 90, அதன் டர்போவில் இறக்கைகள் வேகத்துக்கு ஏற்பத் திரும்பும். சிசி கட்டத்தில் இரண்டுக்கும் ஒரே எண்தான். டர்போ பழுதாகி ஸ்பேர் கடைக்குப் போகும்போதுதான் விலையில் வித்தியாசம் தெரியும். அங்கே சேஸிஸ் நம்பரைக் கொடுத்துப் பார்ட் நம்பர் எடுப்பதே சரியான வழி.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பதிவேடு காட்டுவது, யாரோ ஒருநாள் எழுதிக் கொடுத்ததை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால், தண்ணீர் காற்றைப் போல அமுங்காது என்பதால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்படிப்பட்ட வண்டியில் வேறு இன்ஜின் ஏற்றுவது தப்பில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி அதைத் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும், அவ்வளவுதான். பதியாமல் விட்டால் செயலி பழைய நம்பரையே காட்டிக்கொண்டிருக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகும் ஸ்கேனரும் இதைச் சொல்லாது. அது பேசுவது இ.சி.யு. என்ற கணினியோடு, பிளாக்கோடு இல்லை. பிற்பாடு இன்ஷூரன்ஸ் கேட்கும்போதோ, ஏற்றிய இன்ஜின் திருட்டு வண்டியுடையது என்று போலீஸ் வரும்போதோ மாட்டிக்கொள்வது கடைசியாக வாங்கியவர்தான்.

பெரியப்பாவிடம் கண்ணும் காதும் பென்சிலும் இருந்தன, பதிவேடு கைக்கு எட்டவில்லை. நம்மிடம் பதிவேடு சட்டைப்பையிலேயே இருக்கிறது, பானெட்டைத் திறக்கும் பழக்கம் குறைந்துவிட்டது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளும் வாய்ப்பு முதன்முதலாக நமக்குத்தான் கிடைத்திருக்கிறது.

அதனால் வண்டி வாங்கப் போகிற பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். டெலிவரி நோட்டில் இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் என்று இரண்டு கட்டம் இருக்கும். விற்பவர்கள் அதை ஆர்.சி.யைப் பார்த்து நிரப்பிவிடுவார்கள். அந்தப் பேனாவை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியிலிருந்து நீங்களே படித்த நம்பரை உங்கள் கையால் எழுதுங்கள். ஆர்.சி.யோடு ஒத்துப்போனால் பணத்தைக் கொடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும், அது ஆர்.டி.ஓ. ஆபீஸில் சரியாகும்வரை அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.