நாற்றொட்டி இயல்: ஜெர்மன் நகரில் குடியமர்தல் பற்றிய ஓர் ஆய்வு

குடியேற்றம் எனப்படுவது யாதோ எனின், பெட்டியோடு போய் இறங்குதல் அன்று; இறங்கிய ஊரில் தன் குப்பையைத் தானே சரியான தொட்டியில் இடுதலாம். இதுவே இவ்வாய்வின் துணிபு. ஜெர்மனிக்குப் போகிறவர்களுக்கு அறிவுரை சொல்வோர் எல்லாரும் வேறொன்றை முதற்படி என்பர். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்துக்குப் போய் முகவரியைப் பதிய வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று ஒன்றும் உடன் வேண்டும். ‘அன்மெல்டுங்’ எனப்படும் இந்தச் சடங்கு முடிந்தால்தான் வரி எண் முதலான மற்றவை பின்னால் வரும். அதைச் செய்யாமல் இருந்துவிடாதீர்கள், அபராதம் உண்டு. ஆனால் அந்தத் தாளை மாடிப்படியில் எதிர்ப்படும் கீழ்வீட்டு மூதாட்டி கேட்பதில்லை. அவர் கண் போவது உங்கள் கையிலிருக்கும் பையின் மேல். அரசு உங்களைக் குடியிருப்பவர் என்று ஒப்புவது ஒரு நாளில் முடியும். மூதாட்டி ஒப்புவதற்கோ பல வாரக் குப்பை வேண்டும்.

தொட்டிகள் பொதுவாக நான்கு: தாளுக்கு நீலம், மட்கும் கழிவுக்குப் பழுப்பு, உறைகளுக்கு மஞ்சள், எஞ்சியதற்குக் கருப்பு அல்லது சாம்பல். ஊருக்கு ஊர் நிறமும் விதியும் சற்று மாறும் என்பதால், நகராட்சி தரும் குப்பை நாள்காட்டியைப் பஞ்சாங்கம்போல் சமையலறைச் சுவரில் மாட்டிவிடுவது நலம். இவற்றுள் ஆய்வாளரை மிகவும் அலைக்கழிப்பது மஞ்சள். பிளாஸ்டிக் எல்லாம் அதற்குரியது என்று புதியவர் நினைக்கிறார். உடைந்த வாளியை அதில் போட்டுக் கெடுகிறார். 1991இல் வந்த உறைப்பொருள் ஆணை, விற்ற பொருளின் உறையைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர், வணிகர் தலையில் வைத்தது. மஞ்சள் தொட்டிக்கான செலவு இன்றும் அவர்கள் வழியாகவே வருகிறது. ஆகவே அது கேட்பது பொருளின் குணத்தை அன்று, தொழிலை. தயிர்க் கிண்ணம் உறையாக வேலை பார்த்தது, உள்ளே போகலாம். வாளி யாருக்கும் உறையாக இருந்ததில்லை. பல ஊர்களில் அதன் கதி கருப்புத் தொட்டிதான். பெர்லின் போன்ற சில நகரங்கள் வாளிக்கும் இரக்கம் காட்டுகின்றன, அது விதிவிலக்கு.

தயிர்க் கிண்ணத்தையே இன்னும் கொஞ்சம் நோக்குவோம். அதன் அலுமினிய மூடியை முழுதும் கிழித்துத் தனியே போட வேண்டும்; ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்கும் இயந்திரம் குழம்பும். சுற்றியிருக்கும் அட்டை நீலத்துக்கு. கழுவ வேண்டியதில்லை; கரண்டியால் வழித்தால் போதும். நம் வீட்டுப் பிள்ளைகள் விரலால் வழிக்கும் தரம் இதற்கு மிகையானது. பீட்ஸா அட்டை, தாள் என்ற போதிலும், எண்ணெய் ஊறியிருந்தால் நீலத்தை விட்டுக் கருப்புக்குப் போகிறது. கடை ரசீதும் அப்படியே, வெப்பத்தில் அச்சாகும் தாள் என்பதால். இவை எதுவும் யாருக்கும் பிறவியிலேயே தெரியாது. ஆகவே இங்கே அறிவு என்பது வசித்ததன் சான்று. இதைத் தேர்வுக்குப் படித்துப் பெற இயலாது.

கண்ணாடிக்குத் தெருமுனையில் வேறு தொட்டிகள்: வெள்ளை, பழுப்பு, பச்சை. நீல பாட்டில் பச்சையில் விழ வேண்டும், பிற நிறக் கலப்பைப் பொறுப்பது பச்சைக் கண்ணாடிதான். ஊறுகாய் பாட்டில் போகலாம். உடைந்த தண்ணீர்க் குவளை போகக் கூடாது, உருகும் வகை வேறு. ஞாயிற்றுக்கிழமையும் இரவிலும் எதுவும் போகக் கூடாது, சத்தம் கேட்கும். ஞாயிறு ஓய்வு அங்கே வெறும் பழக்கமன்று. 1919இன் வைமார் அரசியலமைப்பில் இடம்பெற்று, 1949இன் அடிப்படைச் சட்டத்துக்கும் வந்து சேர்ந்தது. பெரும்பாலான கடைகள் அன்று மூடியிருப்பதும் அதனால்தான். அரிசியும் பாலும் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். வைப்புத்தொகை உள்ள பாட்டில்களை இத்தொட்டிகளில் எறிவது காசை எறிவதாகும். ஒருமுறைப் பயன்பாட்டு பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட். திரும்பப் பயன்படும் பீர் பாட்டில் பெரும்பாலும் 8 சென்ட். கடையிலுள்ள இயந்திரத்தில் கொடுத்தால் சீட்டு வரும். கொடுக்கச் சோம்பலா? தெருக் குப்பைத் தொட்டிக்குள் போடாமல் அதன் அருகே வையுங்கள். பாட்டில் பொறுக்கிப் பிழைப்பவர் தொட்டிக்குள் கை விடாமலே எடுத்துக்கொள்வார்.

மொழியே முதன்மை, குப்பை அன்று என்பாரும் உளர். அற்றேல், இலக்கணப் பிழையோடு பேசுபவரை அயலார் புன்னகையோடு பொறுப்பதும், மஞ்சள் பையில் வெங்காயத் தோல் போடுபவரைப் பொறாததும் ஏன்? சில ஊர்களில் மஞ்சள் தொட்டிக்குப் பதிலாக வைக்கும் அந்தப் பை ஒளி ஊடுருவும் மெல்லிய பை. உள்ளிருப்பது தெருவுக்கே தெரியும். தவறான சரக்கு இருந்தால் எடுப்பவர்கள் அதை விட்டுவிட்டுப் போவதும் உண்டு. பையில் உங்கள் பெயர் இல்லை, ஆனாலும் யாருடையது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. மற்றொரு தடை இதனினும் வலியது: பிரித்துப் போட்டதில் ஒரு பகுதி கடைசியில் எரியூட்டப்படுகிறதே, பின் எதற்கு இந்தப் பாடு என்பது. எரிவது உண்மை, மறுப்பதற்கில்லை. ஆனால் அது மறுசுழற்சியியலின் தடை. குடியமர்தல் இயலை அது தொடாது. இதற்குச் சான்றாக ஸ்டுட்கார்ட் பகுதியைப் பாருங்கள். மாடிப்படியையும் நடைபாதையையும் முறைவைத்துப் பெருக்கும் ‘கேர்வோகெ’ அங்கே சிற்றரசர் காலத்திலிருந்து வருகிறது. முறை யாருடையதோ அவர் கதவில் அட்டை தொங்கும். ஸ்டுட்கார்ட் நகராட்சி இதற்கான தன் ஆணையை 1988இல் கைவிட்டது. வாடகை ஒப்பந்தங்களும் வீட்டு விதிகளும் கைவிடவில்லை. படி ஏற்கெனவே சுத்தமாக இருந்தால் பெருக்க வேண்டாமா என்று கேட்பவர் இன்னும் புதியவரே. பெருக்குவதை நாலு பேர் பார்க்க வேண்டும்.

வாசகர்க்கு ஒரு குறிப்பு: படித்து முடித்தபின் இந்தத் தாள் நீலத் தொட்டிக்கு உரியது. இதன்மேல் பஜ்ஜி வைத்துத் தின்றிருந்தால், கருப்பு.