கேள்வி – பதில்: ஏழைக்கு விழுந்த பரிசு

கேள்வி: கூலிக் குடும்பத்துக்குத் திடீரென்று பெரும் பணம் வந்தால் ஏன் கையில் நிற்பதில்லை? (ஒரு வாசகர், விருதுநகர்)

பதில்: நிற்பதில்லை என்று யார் சொன்னது? இப்படிக் கேட்டாலே எல்லோரும் இங்கிலாந்தின் விவ் நிக்கல்சனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். கணவர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. 1961-ல் கால்பந்து முடிவுகளைக் கணிக்கும் பந்தயத்தில் 1,52,319 பவுண்டு விழுந்தது. செலவழிக்கப் போகிறேன் என்று நிருபர்களிடம் மூன்று முறை சொன்னார் விவ், சொன்னபடியே செய்தார் (அரசியல்வாதி அல்லவே!). காரும் உடையும் விருந்துமாகப் பணம் கரைந்தது உண்மை. ஆனால் 1965-ல் கணவர் கார் விபத்தில் இறந்ததும் வங்கியும் வரித்துறையும் வாசலில் வந்து நின்றதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? ஸ்வீடனில் லாட்டரி வென்ற ஆயிரக்கணக்கானோரைப் பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். பெரிய பரிசு பெற்றவர்களின் வாழ்க்கைத் திருப்தி, ஐந்தாண்டு கழிந்த பிறகும் உயர்ந்தே இருந்தது. அங்கே பள்ளியையும் மருத்துவத்தையும் அரசே பார்த்துக்கொள்கிறதே என்பீர்கள். சரி, அப்படியானால் இங்கே பணத்தைக் கரைப்பது ஆஸ்பத்திரி பில்லும் கந்துவட்டியும்தானே, ஏழையின் புத்தி அல்லவே? கடனை அடைத்துவிட்டுச் சும்மா இருப்பவரை எந்த நிருபரும் தேடிப் போவதில்லை. நீங்களே சோதித்துப் பார்க்கலாம் என்றால், தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை.