கூரை அறுத்த மொறிஸ்

கல்யாணச் செலவை எந்த வீட்டார் ஏற்பது என்பது பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் போன ஞாயிறு ராமகிருஷ்ணா வீதி முனையில், கொட்டும் மழையில், பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு காரைத் தள்ளினேன். முதுகுவலி இன்னும் இருக்கிறது. கோபமும் இருக்கிறது. ஆகவே முதலில் கார்.

வெள்ளவத்தையில் இப்போதெல்லாம் மாப்பிள்ளை கூரையில்லாத பழைய இங்கிலீஸ் காரில் வந்து இறங்கினால்தான் வீடியோக்காரப் பெடியன் கமராவைத் தூக்குகிறான். எங்கள் லண்டன் மாப்பிள்ளைக்கு எம்ஜீதான் வேண்டுமாம். டீ.சி. மொடல் மிட்ஜெட், 1945இல் வந்தது என்று போனில் படம் அனுப்பினார். படத்தில் இரண்டே ஆசனம். மாப்பிள்ளை ஒன்று, தோழன் ஒன்று. சாரதி யார் மடியில் இருப்பது? அதுவும் போகட்டும். கொழும்பில் எம்ஜீ என்று கேட்டால் எல்லோரும் சீனாவின் புது ஜீப்பைக் காட்டுகிறார்கள். ஒக்ஸ்ஃபோர்டில் மொறிஸ் கராஜஸ் என்று பிறந்த பெயர், இன்று ஷாங்காய்க் கம்பனியின் சொத்து.

கடைசியில் கொட்டாஞ்சேனையில் கூரையில்லாத மொறிஸ் மைனர் ஒன்று அகப்பட்டது.

"ஃபுல் ஒரிஜினல் அங்கிள், 51ஆம் வருசம்" என்றார் உரிமையாளர்.

எஞ்சின்? "அது நிசான் சன்னி. மொறிஸ் எஞ்சின் இழுக்காது அங்கிள்." கியர்பொக்ஸ்? எஞ்சினோடு சேர்ந்து வந்ததாம். லூக்காஸ் டைனமோ இருந்த இடத்தில் ஜப்பான் ஓல்டர்னேட்டர். 1961 வரை மொறிஸ் மைனரின் தூணிலிருந்து செம்மஞ்சள் கை ஒன்று வெளியே நீண்டு, திரும்பப் போகிறேன் என்று சொல்லும். அந்தத் துவாரத்தைப் பட்டி வைத்து அடைத்து, பக்கத்தில் த்ரீவீலர் சிக்னல் லைட். ஆசனங்கள் ஏதோ வேனுடையவை. ஒன்றின் கீழே அந்த வேனின் பாடசாலை ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருந்தது. ஹூட், பஞ்சிகாவத்தையில் தைத்த ரெக்சின். ஸ்டியரிங்? "அது வேற மொறிஸ்லேருந்து, ஆனா மொறிஸ்தான் அங்கிள்!" ஹோர்னை அமுக்கினேன். பஸ் ஹோர்ன்.

சரி, கூரை இல்லாததாவது ஒரிஜினலா என்று கேட்டேன். மனுஷன் நெளிந்தார். கம்பனி 1969 வரை கொன்வேர்டிபிள் செய்து விற்றது உண்மை. இது அந்த ரகமில்லை. சாதாரணக் காராக வந்திறங்கி, கொட்டாஞ்சேனைக் கராஜ் ஒன்றில் அரிவாளுக்குக் கழுத்தை நீட்டியது. இதற்குச் சேஸி கிடையாது. கூரையும் சேர்ந்துதான் உடம்பைப் பிடித்து வைத்திருக்கும். அதை அறுத்துவிட்டு அடியில் முட்டுக் கொடுக்காமல் விட்டதால், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் தோழன் பக்கக் கதவு தானாகத் திறந்தது. ஆனால் அறுப்பது இந்தக் காருக்குப் பரம்பரை வழக்கம். இதை வடிவமைத்த இசிகோனிஸ், மாதிரி வண்டி ஒடுங்கலாகத் தெரிகிறதென்று அதை நெடுக்காக இரண்டாக அறுக்கச் சொல்லி, நடுவில் 4 அங்குலம் சேர்த்து ஒட்டவைத்தாராம். 1948இல் விற்பனைக்கு வந்தது அந்த அகலத்தில்தான்.

மிச்சம் இலக்கத்தகடு. "1 ஸ்ரீ" என்றிருந்தது. 51இல் ஸ்ரீ எங்கே வந்தது? அப்போது 'சிலோன்' என்ற இங்கிலீஸ் எழுத்துகளில் இரண்டிரண்டைப் பிய்த்து சி.எல்., ஈ.வை. என்றுதான் போட்டார்கள். சிங்கள ஸ்ரீ வந்தது 1957இல். தமிழரசுக் கட்சி அதை எதிர்த்துப் போராட்டமே நடத்தியது. அந்த எழுத்தின் மேல் எங்கள் ஐயாமார் தார் பூசினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்போது ஸ்ரீத் தகட்டுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள், தகடு தெரியும்படி கொஞ்சம் விலகி. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு தகரத்துக்கே விலை வந்தது. ஐந்து வருடம் கழித்துக் கதவைத் திறந்தார்கள். விலை மட்டும் இறங்கவில்லை.

எனக்கு எரிச்சல் காரில் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஏ ஃபோர்ட்டியையும் மொறிஸையும் கிளாசிக் என்று யார் சொன்னார்கள்? பிள்ளைத்தாச்சியை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகிற வாடகைக் கார் அது. தொண்ணூறுகளில் பெற்றோல் தடை. சின்னப் போத்தலிலிருந்து நாலு துளி பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் விட்டு உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். பின்னால் வெள்ளைப் புகை. உள்ளே ஒன்பது பேர், மடியில் கோழி. அப்போது அதை லண்டனுக்குப் படம் எடுத்து அனுப்பியிருந்தால் பாவம் என்று காசு அனுப்பியிருப்பார்கள். இப்போது அதே தகரத்தில் ஒரு மணித்தியாலம் உட்கார அவர்கள் கொடுக்கிற வாடகையில் நான் ஒரு மாதம் மீன் வாங்குவேன்.

செலவு விஷயத்துக்கு வருகிறேன். வர முடியவில்லை, கனடாவிலிருந்து தங்கச்சியின் போன். தை மாதம் மகளுக்குக் கல்யாணம், ஊரிலேயே. பிள்ளைக்கு ஏ ஃபோர்ட்டிதான் வேண்டுமாம். பின்னால் அந்த வெள்ளைப் புகையும் வர வேண்டுமாம்.